ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தை

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே மடித்து வைத்துவிடாதே அம்மா, பாதி வரைக்குமாவது படி. போன் செய்தால் உன் வீட்டுக்காரன்தான் எடுக்கிறான். "அவ வேலையா இருக்காப்பா" என்கிறான். எந்நேரமும் வேலையாக இருக்க நீ என்ன தீயணைப்பு நிலையத்திலா இருக்கிறாய்? மூக்குக் கண்ணாடிக் கடைதானே. சரி, புரிந்துகொண்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலமெல்லாம் நான் எழுதியது "பழுது சரி செய்யப்பட்டது" என்பது மட்டும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நெஞ்சு வலி இல்லை. மாத்திரைகளை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். படியேறும்போது இரண்டாவது மாடியில், தையல்காரர் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. என் மானம் போகிறது.

கேட்க வந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை ஏதோ சொன்னேனாம். அதனால்தான் நீங்கள் அவசர அவசரமாக வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனீர்களாம். என்ன சொன்னேன் என்று கேட்டால் மகன் வாயைத் திறப்பதில்லை. தையல்காரரோ, "விடுங்க சார், பழசைக் கிளறிக்கிட்டு" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறார்.

எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது தெரிகிறது. அப்புறம் சட்டை நனைந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது தெரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. என்ன செய்தேன் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு. நீயே எழுதி அனுப்பு. திட்டியும் எழுது.

உன் மாமா


பிப்ரவரி 23

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நினைவில்லை" என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களோ என்று கோபமாக வந்தது. கேட்டீர்கள், எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டீர்கள். சாப்பிடக் கூப்பிட்டேன். "இதை முடிச்சுட்டு வர்றேன்" என்றீர்கள். மூன்று முறை கூப்பிட்டேன். மதியம் ஆகப்போகிற நேரத்தில் திடீரென்று எழுந்து கதவைத் திறந்து, மாடிப்படியில் நின்று கத்தினீர்கள். "எல்லாரும் வாங்க! இவ மாத்திரைன்னு சொல்லி என்னமோ குடுத்து என்னைக் கொல்றா!"

கீழ்வீடு, மேல்வீடு எல்லோரும் வந்துவிட்டார்கள். உங்கள் முகம் முழுக்க வேர்வை. ஆனால் கை நடுங்கவில்லை, நாக்குக் குழறவில்லை. தெளிவாகத்தான் சொன்னீர்கள். என்னை யாரோ போலப் பார்த்தீர்கள். தண்ணீர் கொண்டு வந்தேன். "அதுலயும் கலந்திருக்கா!" என்று தட்டிவிட்டீர்கள். தையல்காரர் மனைவி உங்களை உட்கார வைத்து டீ கொடுத்தாள், அவள் வீட்டு வழக்கப்படி பாகு மாதிரி சர்க்கரை போட்டு. அதைக் குடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "ஏம்மா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டீர்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி! மற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு மாரடைப்பு வந்து இதயத்தில் ஸ்டென்ட் குழாய் வைத்தபோது ஆஸ்பத்திரியில் பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தது நான். "இவருக்கு ஷுகர் இருக்கே, தெரியாதா?" என்று டாக்டர்கள் கேட்டபோது திருதிருவென்று விழித்ததும் நான்தான். மாரடைப்பு அதிர்ச்சியில்கூடச் சர்க்கரை ஏறியிருக்கலாம் என்று, மூன்று மாத சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனையைச் செய்து, ரொம்ப நாளாகவே இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்கள். எந்த மாத்திரை எப்போது, எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று அன்றையிலிருந்து கற்றுக்கொண்டேன். மாத்திரை எடுத்துக் கொடுத்த அந்தக் கையைத்தான் ஊரைக் கூட்டிக் காட்டினீர்கள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகன் மனைவி


மார்ச் 16

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

நெஞ்சு டாக்டர் அம்மாவிடம் மாதாந்திரச் சோதனைக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வாருங்கள் என்றார்கள். நான் புத்திசாலி, சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரே கூட்டம். ரத்தம் எடுத்த பிறகும் டாக்டருக்காகக் காத்திருந்தேன். கேன்டீனுக்குப் போனால் என் முறை போய்விடுமே என்று பயம்.

அப்புறம் நடந்தது நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுந்து போய் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீயும் இதுல கூட்டா? ரத்தத்தை எடுத்துட்டு விஷத்தை ஏத்துறீங்களா?" என்று கத்தினேனாம். அந்தப் பெண் கோபப்படவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்வை. விரலில் குத்தி மெஷினில் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பழச்சாறு குடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான், "டாக்டர் வந்துட்டாங்களா?" என்று சாதுவாகக் கேட்டேனாம்.

புரிகிறதா அம்மா? அதே கதை!

டாக்டர் அம்மா உட்கார வைத்து விளக்கினார். மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடாம். அது கிடைக்காவிட்டால் மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டானாம். சாதாரணமாகச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், படபடப்பு வரும், நாமே உஷாராகிவிடுவோம். எனக்கோ நெஞ்சுக்காகக் கொடுத்த மாத்திரை ஒன்று இதயத்தை நிதானமாக ஓட்டுகிறது. அது அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடுகிறது. லிஃப்டில் ஆள் அதிகமானால் அடிக்கிற மணிமேல் துணியைச் சுற்றி வைத்த மாதிரி. வேர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. போதாததற்கு என் கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கிறதாம், சர்க்கரை மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் போவதில்லை. அதோடு பட்டினியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையை மாற்றிவிட்டார். புதியது சர்க்கரையை அவ்வளவு சுலபத்தில் அடிமட்டத்துக்கு இறக்காது, நெஞ்சுக்கும் நல்லதாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை. என்னைப் போன்ற நெஞ்சு நோயாளிக்குச் சர்க்கரை கூடினாலும் ஆபத்து, ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து, நடுவில் நிறுத்த வேண்டும் என்றார்.

ஆகவே அதைச் சொன்னது நான் இல்லை, சர்க்கரை! இனி என்ன, மூட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

ஆனந்தத்துடன்,
உன் மாமா


மார்ச் 27

மாமாவுக்கு,

கடிதத்தை அவரிடம் காட்டினேன். "நோய்தானே பேசியிருக்கு, சரியாப் போச்சு, அடுத்த மாசமே கிளம்பலாம்" என்கிறார். அவருக்கு ஒரு பாரம் இறங்கியது. எனக்கு ஒன்று ஏறியது.

நீங்கள் ஆனந்தத்துடன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. யோசித்துப் பாருங்கள் மாமா. "இவ மாத்திரைன்னு சொல்லி என்னமோ குடுத்து என்னைக் கொல்றா" என்றீர்கள். அது உண்மைதானே? அந்த மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுத்தது நான்தானே? பசியில்லை என்று நீங்கள் பாதியில் எழுந்தபோதெல்லாம், "பரவாயில்ல மாமா, கொஞ்சமா சாப்பிட்டா ஷுகருக்கு நல்லது" என்று சொன்னதும் நான். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்ததும் நான். அந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தையல்காரர் மனைவி தெரியாமலே இனிப்பு டீ கொடுத்து உங்களைக் காப்பாற்றினாள், எல்லாம் கற்றுக்கொண்ட எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது உங்கள் மகனுக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடக் கை வரவில்லை. "நீங்களே எடுத்துக்குங்க" என்கிறேன். என்னால் அந்த வீட்டுக்கு வந்து உங்கள் மாத்திரைகளைத் தொட முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் கோபம் வரும், சரி. அந்தக் கோபத்துக்கு ஏன் என் முகம் கிடைத்தது? மனசில் எங்கேயும் இல்லாத ஒன்று வாயில் வருமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 8

அன்புள்ள என் மருமகளுக்கு,

போன கடிதத்தில் துள்ளிக் குதித்தது என் அசட்டுத்தனம். எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றதும் உன்னை மறந்துவிட்டேன்.

முதலில் மாத்திரை. உன் கேள்வியை டாக்டர் அம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுதிக் குடுத்தது நாங்க. நெஞ்சையே பார்த்துக்கிட்டு இருந்துட்டோம். சாப்பாடு குறைஞ்சதைக் கேட்டிருக்கணும், வேர்த்தா உடனே இனிப்பு குடுங்கன்னு வீட்டுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை. உங்க மருமக எங்களை நம்பினாங்க, அவ்வளவுதான். நான் சொன்னேன்னு எழுதுங்க." எழுதிவிட்டேன். பிஸ்கட்டை ஒளித்ததற்கு மட்டும் உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அது பழைய வருத்தம்.

அடுத்து, ஏன் உன் முகம். அதையும் கேட்டேன். பசித்த மூளை யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களைப் பிடித்துக்கொள்ளுமாம். அந்த நர்ஸை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அவளையும் அதே மாதிரிதான் சொன்னேன். அவள்மேல் எனக்கு என்ன இருக்க முடியும்?

மழுப்பாதே என்றாய், அதனால் இதையும் சொல்கிறேன். உன் மாமியார் போனபிறகு என் துணியை நானே துவைத்து, என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொண்டவன் நான். திடீரென்று ஒரு நாள், வாயைத் திறங்க, முழுங்குங்க, இதைத் தொடாதீங்க என்று ஆகிவிட்டது. நீ அன்பாகத்தான் செய்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் உள்ளே கிடந்து அன்றைக்கு வேறு வேஷத்தில் வந்ததோ என்னவோ, தெரியவில்லை. ஆனால் நீ எனக்குக் கெடுதல் செய்வாய் என்று நல்ல நினைவோடு இருந்த ஒரு நிமிஷமும் நான் நினைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு திரும்பியதும் யாரைப் பார்த்துச் சாப்பாடு கேட்டேன், உன்னைத்தானே?

என்ன சொன்னேன் என்று இப்போது தெரியும். இனி கேட்கலாம். என்னை மன்னித்துவிடு அம்மா.

திரும்பி வந்து குடியிருக்கச் சொல்லவில்லை. மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன். குத்திப் பார்க்கிற மெஷினும் வாங்கிவிட்டேன். தையல்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "வேர்த்துக் கொட்டி நான் உளறினா வாதாடாதீங்க, வாயில இனிப்பைப் போடுங்க." மனுஷன் அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் வேர்த்தாலே சந்தேகமாகப் பார்க்கிறார். மாடியேறினால் வேர்க்காதா?

விருந்தாளியாக ஒரு நாள் வா. அது போதும்.

உன் மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து, "என்னம்மா, உனக்கே கண்ணாடி தேவைப்படுதா?" என்று கேட்டார்.

அங்கே குடிவர மாட்டோம். கோபத்தில் சொல்லவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இந்தச் சின்ன வீடும் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் உங்கள் வீட்டில் உங்கள் இஷ்டப்படி இருப்பதுதான் பிடிக்கும் என்று இப்போது புரிகிறது. முன்பே கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. எல்லாம் சர்க்கரை என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நேற்று உங்கள் மகனுக்குக் காய்ச்சல். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, தண்ணீரோடு என் கையாலேயே கொடுத்தேன். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ரயிலை நம்ப முடியாது. உங்களைத் தெரியும் எனக்கு. வந்தபிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று சமைத்து மூடி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அதெல்லாம் வேண்டாம். நேரமானால் எங்களுக்காகக் காத்திருக்காமல் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் மாமா. எச்சில் கையோடு வந்து கதவைத் திறந்தால்தான் நான் உள்ளே வருவேன்.

உங்கள்
மருமகள்