ஆயிரத்தேழு கன்றுகள்

ஆவூர்,
6.11.2025

அன்புள்ள சோபியா அப்பாவுக்கு,

நானும் வீடும் நலம். உங்கள் நலத்தை இந்தக் கடிதத்தில் விசாரிக்கப் போவதில்லை. காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். உங்கள் அறையில் இருக்கும் ரிஃபாய் விடுமுறை முடிந்து சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதையும் ஒரு பொட்டலம் கடலை உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். ஆறு பேர் படுக்கும் அறையில் போனை எடுத்தால் நீங்கள் "ஆமா, சரி, சாப்புட்டாச்சு" என்று மட்டும் பேசும் வேறொருவர் ஆகிவிடுகிறீர்கள். என் பேச்சும் அதற்கு ஏற்றாற்போல் சுருங்கிவிடுகிறது. நாம் உண்மையாகப் பேசிக்கொண்டதெல்லாம், நீங்கள் படகில் மீன் பிடிக்க நான் கரையில் கன்று நடும் அந்தப் போன் விளையாட்டின் ஏரியில்தான்.

இங்கே நாலு நாளாக மழை. குளம் நிரம்பிவிட்டது. சமையலறை ஓரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது சில நேரம் நான் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. அந்த ஏரியிலும் இப்படித்தான் மூடுபனிக்குள் மழை விழும். உங்கள் படகு முதலில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும், பிறகு தூண்டில், பிறகு நீங்கள்.

நெட் சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்று போன வாரம் போனில் சொன்னேன் அல்லவா? அது பொய். அக்டோபர் 29ஆம் தேதி விளையாட்டில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். வந்தது ஒரே வரி: வழக்கத்துக்கு மாறான செயல்பாடு. என்ன செயல்பாடு என்று ஒரு சொல் இல்லை. பத்து நாளுக்குள் மேல்முறையீடு ஏற்கப்படாவிட்டால் கணக்கோடு என் கரையும் அதிலுள்ள மரங்களும் அழிக்கப்படும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

காரணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒழுங்காக ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் அதே வரி திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அதே வரி. யாரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சோபியாவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர் விடுதியில் இருந்துகொண்டு, நம் இருவருக்கும் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே. விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஒங்கள ரோபோன்னு நெனச்சிருச்சு. அப்பா இருபத்தஞ்சு வருசமா சொல்றத அது இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு" என்றாள். நீங்கள் அப்படிச் சொல்வதுண்டா?

என் கணக்கின் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம் என்று அவள்தான் சொல்லித் தந்தாள். வாங்கினேன். எந்த நாள், எந்த நொடியில், எதைத் தொட்டேன் என்று பக்கம் பக்கமாக. புள்ளியியல் படித்தவளுக்கு அதைப் படிக்க யார் துணையும் வேண்டாம். தினமும் மாலை ஆறரைக்கு மேல் கன்று நட்டிருக்கிறேன். முதலில் மூன்று. சற்று இடைவெளி. பிறகு பத்து, இடைவெளி, பத்து, இடைவெளி. அப்படி ஐந்து பத்து. ஒரு நாளைக்கு ஐம்பத்துமூன்று. கன்றுக்குக் கன்று ஏறக்குறைய பதினைந்து நொடி. பத்தொன்பது நாளில் ஆயிரத்து ஏழு. மனிதக் கை இப்படிச் செய்யாது என்று அந்த இயந்திரம் முடிவு செய்ததில் நான் குறை காண மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அக்டோபர் ஜெபமாலை மாதம். ஆறரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் வியாகுலமேரி அக்கா சொல்லச் சொல்ல ஊரே பதில் சொல்லும். மாதத் தொடக்கத்திலேயே என்னை வழிமறித்து, "டீச்சரம்மா, கோயிலுக்கு வராதவுக வீட்டுக்கும் கேக்கட்டும்னுதான் கொழாய ஒங்க பக்கமாத் திருப்பச் சொன்னேன்" என்றார். காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சத்தத்தில்தான் நான் போனோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலையில் வரும் ஐம்பத்துமூன்று மங்கள வார்த்தை ஜெபத்துக்கும் ஒவ்வொன்றாக என் விரல் கன்று நட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. "காடாக்கிப் போட்டியே, நான் படக எங்க கட்டுறது?" என்று நீங்கள் எழுதியபோதுகூட நான் திரும்பி எண்ணிப் பார்க்கவில்லை.

சத்தத்துக்குக் கை தாளம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று மூடி வைக்கப் பார்த்தேன். ஆனால் ஒலிபெருக்கி ஒன்றாம் தேதியிலிருந்தே ஒலிக்கிறது. முதல் ஒன்பது நாள் என் பதிவுகளில் ஒரு ஒழுங்கும் இல்லை. விரல் சேர்ந்துகொண்டது பத்தாம் தேதியிலிருந்து.

ஒன்பதாம் தேதி மாலை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் படகு ஏரியின் நடுவில் நின்றது. தூண்டில் தண்ணீரில் கிடந்தது. மீன் இழுத்தது, நீங்கள் அசையவில்லை. நான் எழுதியதற்குப் பதில் இல்லை. நீந்தி வந்து உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பனி நம் இருவரையும் மூடியது. நாற்பது நிமிடம் அப்படியே. பிறகு படகோடு மறைந்துபோனீர்கள். தூங்கிவிட்டேன் என்று மறுநாள் எழுதினீர்கள். நானும் நம்பினேன்.

போன ஞாயிறு ரிஃபாய் வீட்டுக்கு வந்தார். டீ குடித்துவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே போன மாசம் ஒம்பதாந் தேதி வேலைலேர்ந்து வந்து போன எடுத்தவரு அப்படியே மயங்கி விழுந்துட்டாருங்க டீச்சர். நாங்கதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நெஞ்சுல ஏதோ அடைப்பு மாதிரி இருக்குன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க." சொல்லிவிட்டேன். அவரைத் திட்ட வேண்டாம். இனி உங்கள் நலத்தை உங்களிடம் கேட்பதில்லை என்றது இதனால்தான்.

அறிவுக்குத் தெரியாதது விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். விடை இல்லை. விடை இருப்பதாகப் பாசாங்கு செய்யவும் மாட்டேன். இதனால் இனிமேல் கோயிலுக்குப் போவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது மேல்முறையீட்டை நேற்றுத் தமிழிலேயே எழுதினேன். காரணம் சொல்ல முந்நூறு எழுத்துதான் இடம். இப்படி எழுதினேன்: "நான் இயந்திரம் இல்லை. மாலையில் எங்கள் ஊரில் ஜெபமாலை சொல்வார்கள். என் கணவர் தூரத்தில் இருக்கிறார். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. அதனால் கன்று நட்டேன்." இதுவரை யாரிடமும், உங்களிடமும், இவ்வளவு பேசியதில்லை. இந்த முறை ஒரு நிமிடத்தில் அந்த வரி வரவில்லை. இன்னும் எதுவுமே வரவில்லை. கெடு சனிக்கிழமை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் தெரிந்துவிடும்.

நீங்கள் தினமும் வந்து என் கரையோரம் கொஞ்ச நேரம் படகை நிறுத்திவிட்டுப் போகிறீர்கள் என்று சோபியா சொன்னாள். இதைப் படித்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மரங்கள் நின்றால் பூத்திருக்கும், வெள்ளைப் பூ. எண்ண வேண்டாம், எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. கரை மொட்டையாக இருந்தாலும் வருத்தப்பட வேண்டாம்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா என்று போன மாதம் கேட்டீர்கள். உங்கள் விருப்பம் என்றேன். அதுவும் பொய்தான். போடாதீர்கள். பதிவுகளில் இன்னொன்றும் பார்த்தேன்: ஆயிரத்தேழு கன்றையும் நட்ட கரையில், தண்ணீர் ஓரமாக ஒரு படகு அகலத்துக்கு ஓரிடத்தை மட்டும் ஒருநாளும் நான் தொடவே இல்லை.

அந்த இடம் இங்கேயும் இருக்கிறது. வந்துவிடுங்கள்.

உங்கள்,
பரிமளா