சிவப்பு ஸ்வெட்டரும் ஜன்னல் பலகையும்

மார்ச் 4
எல்லாம் நான் சொன்னபடியே நடக்கிறது. பழைய சாமான் விற்று நோயாளிகளுக்கு உதவுகிற அந்தக் கடையின் வெளிச்சுவரில் படம் வரைகிற வேலை என் தங்கை மகள் வாண்டுவுக்குத்தான் வரும் என்று போன மாதமே சொன்னேன். இன்று கடைக்காரம்மா வீட்டுக்கே வந்து வேலையை ஒப்படைத்தார். வாலிபத்தில் நான் நாலு மாடிச் சுவரைத் தனியாளாக வரைந்ததையும் அவரிடம் எடுத்துவிட்டேன்.

"போன வாரம் மூணு மாடின்னீங்களே மாமா?" என்றாள் வாண்டு. வாய் கொஞ்சம் நீளம்.

தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்: "இது சொதப்புச்சுன்னா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு ஆபீஸ் வேலைக்குப் போயிடணும்."

மார்ச் 6
தாளில் போட்ட கட்டங்களையே சுவரில் பெரிதாகப் போட்டோம். நூலில் கலர்ப்பொடி தடவிக் கோடு அடித்தது நான். ஒரு பெரிய கை சிவப்பு ஸ்வெட்டரை நீட்டுகிறது, இன்னொரு கை வாங்குகிறது, அதுதான் படம். சுவரின் நடுவில் ஒரு ஜன்னல், பலகை போட்டு மூடியிருக்கிறது.

"இதைத் திறப்பாங்களா மாமா? கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. ஆணி அடிச்சு மூடிட்டாங்களாம். இனி திறக்கவே மாட்டாங்களாம்."

அதனால் ஸ்வெட்டரை அந்தப் பலகைமேலேயே வரைந்தோம்.

மார்ச் 9
மழை. என் முதுகுக்கு மட்டும் லீவு இல்லை.

மார்ச் 15
முடிந்தது! ஐந்நூறு பேர் நின்று பார்த்தார்கள். சரி, ஐம்பது.

மார்ச் 16
சரக்குப் பிரிக்க மூடியிருந்த கடையை இன்று திறந்தார்கள். ஜன்னல் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள் — ஸ்வெட்டரும் கூடவே போய்விட்டது. வெளியே இரண்டு வெறுங்கை.

"யாரும்மா இதுமேல வரையச் சொன்னது? கடைக்கு வெளிச்சமே இந்த ஜன்னல்தான்! மொத்தத்தையும் வெள்ளையடிச்சிடுங்க" என்று கத்தினார் கடைக்காரம்மா.

வாண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என் தப்புதான் மேடம். நான் கேட்டிருக்கணும்."

எனக்கு நாக்கு எங்கே போச்சு? ஊருக்கெல்லாம் நீளுமே!

அவளே உள்ளே போய்த் துணிக் குவியலைக் கிளறி, ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். சரியாக இரண்டு கைக்கும் நடுவே. கடைக்காரம்மா எதிர்ப்பக்கம் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு நாள் இருக்கட்டும்."

மார்ச் 18
ஒன்பது ஸ்வெட்டர் விற்றதாம். தெருவில் இருபது என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24
தினம் ஒரு துணி தொங்குகிறது. இன்று ஒரு குழந்தைச் சட்டை. ஆஸ்பத்திரிச் சுவரும் வாண்டுவுக்கே கிடைத்துவிட்டது. தங்கை ஆபீஸ் பேச்சையே எடுப்பதில்லை. ஜன்னல் யோசனை என்னுடையது என்று ஏழெட்டுப் பேரிடம் அளந்துவிட்டேன். அவள் மறுக்கவில்லை.

மாலையில் சுவர் மூலையில் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே, 'கட்டம் போட்டது என் மாமா.'

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில கேக்க வேண்டியதை நானே கேட்டுக்கறேன் மாமா. நீங்க நூல் புடிங்க, போதும்."

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆணி அடித்து மூடியதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.