பெட்டிக்குப் பதில் சொல்லும் பிள்ளை

1980 ஜூலை 7, திங்கள்

விடியற்காலை மழை. பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, முந்தானை முழுக்க நனைந்தது.

பள்ளிக்கு டிவி பெட்டி வந்தாயிற்று. நாலு கால் ஸ்டாண்டு, மரக் கதவு, பூட்டு வேறு. இனி வாரத்தில் இரண்டு தமிழ்ப் பாடம் அதில்தான். சாவி கணக்கு வாத்தியார் கனகசபை மாஸ்டரிடம். யாழ்ப்பாணத்து மனிதர், முகமெல்லாம் பல். நான் இனிக் கொஞ்சம் இளைப்பாறலாமாம். இப்போது இளைப்பாறச் சொல்வார்கள். அப்புறம் வீட்டுக்கே போகச் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா?

வாங்க வேண்டியவை: இருமல் மருந்து, மகன் ஜோவுக்கு வெள்ளைச் சட்டை, உடையாத சாக்பீஸ்.

9, புதன்

முதல் டிவி பாடம். என் மூன்றாம் வகுப்பு மூச்சு விடவில்லை. எனக்கு ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்திருக்கிறார்களா?

பெட்டிக்காரிக்கு நல்ல குரல், நல்ல சேலை. படத்தைக் காட்டி "இது என்ன பறவை?" என்கிறாள். கொஞ்சம் காத்திருக்கிறாள். பிறகு "மிகச் சரி." குமார் காக்கையைக் கொக்கு என்றான். அதுவும் மிகச் சரி. இது பாடமா, கண்கட்டு வித்தையா?

கடைசி வரிசையில் கலா. இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. உதடு அசைந்தது. சுவிங்கம்தான் என்று வாயைத் திறக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை.

10, வியாழன்

வருஷக் கடைசியில் தரம் பிரிப்பு. வாய்மொழி மதிப்பெண் அடுத்த வெள்ளிக்குள் தலைமையாசிரியரிடம் போக வேண்டும். கலாவுக்கு இதுவரை பூஜ்யம். அப்படியே கொடுத்தால் மந்தமான பிள்ளைகளோடு சேர்த்துவிடுவார்கள். அதிலிருந்து ஏறி வருவது லேசில்லை. மனசு கேட்கவில்லை. பொய் மார்க் போடவும் கை வரவில்லை.

தலைவலி. ரசம் சோறு.

13, ஞாயிறு

பூசை முடிந்து தேக்கா மார்க்கெட். கலாவின் அம்மாவுக்கு அங்கே காய்கறிக் கடை. பிள்ளை ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன்.

"வீட்டுல வாயே மூடாது லா, டீச்சர். அண்ணன்கூட எந்நேரமும் சண்டை."

நம்பவில்லை. எந்தத் தாய் தன் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள்? முருங்கைக்காயைச் சும்மா கொடுத்தாள். மார்க்குக்காகவா? காசை வைத்துவிட்டு வந்தேன். முற்றல் காய்.

14, திங்கள்

டிவி பாடம். சத்தமில்லாமல் கலாவுக்குப் பின்னால் போய் நின்றேன். மழை எப்படி வருகிறது என்று பெட்டிக்காரி கேட்டாள். கலா பதில் சொன்னாள். மெதுவாக, முழு வாக்கியமாக, திக்காமல். மேகம், காற்று, எல்லாம். திரும்பி என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

மாஸ்டர் மேல்தான் சந்தேகம். பெட்டியின் பெருமைக்காகச் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பாரோ? நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அது உங்களுக்குப் பயப்பிடுது, டீச்சர். பெட்டி ஒருத்தரையும் முறைச்சுப் பாக்காது."

பிள்ளைகளை நான் முறைக்கிறேனா? ஆசிரியர் அறைக் கண்ணாடியில் பார்த்தேன். முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவமானமாக இருந்தது.

17, வியாழன்

நல்ல வெயில். கலாவுக்கு இருபதுக்குப் பதினேழு. பொய் மார்க் இல்லை, இன்று அவளே பேசி வாங்கியது.

பள்ளி விட்டதும் டிவி அறையைத் திறக்கச் சொன்னேன். எதற்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். அவரையே கலாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நான் முன்னதாகவே பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். இந்த வயதில். யாராவது பார்த்திருந்தால் சிரிப்பாய்ச் சிரித்திருப்பார்கள்.

அவர் போனதும் கேட்க ஆரம்பித்தேன். பெட்டிக்காரி மாதிரி இழுத்துப் பேசிப் பார்த்தேன், வரவில்லை. என் குரலிலேயே கேட்டேன். அம்மா கடையில் என்னென்ன இருக்கும்? முதலில் சத்தமே இல்லை. பிறகு கத்தரிக்காய் என்றாள். அப்புறம் மடை திறந்தது. புடலங்காய் எப்படி வாடும், அம்மா எடை போடும்போது ஏன் குறுக்கே பேசக் கூடாது, அண்ணன் என்னவெல்லாம் திருடித் தின்பான். என்னால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் மனமில்லை. கண் கலங்கியது.

கடைசியில் அவளே நிறுத்தினாள்.

"டீச்சர், கால் வலிக்குதா? ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

கீழே பார்த்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் என் செருப்பும் சேலைக் கரையும் நன்றாகத் தெரிந்தன. அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும்.

வெளியே வரட்டுமா என்று கேட்டேன்.

"நாளைக்கு வெளிய வாங்க, டீச்சர்."