பாய்க்கு ஒரு கண்

ஜூலை 13, புதன்

என் சைக்கிள் போயிற்று. அண்ணன் புரைமோவா வந்து பல்லைக் காட்டிக்கொண்டு "புபுசி" என்றான். இந்தத் தீவில் அந்தச் சொல்லைச் சொல்லி யார் எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தால் ஊர் காறித் துப்பும். போன மாதம் சோப்பு, இந்த மாதம் சைக்கிள். வெட்கங்கெட்டவன். நான் இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஜூலை 15, வெள்ளி

மருத்துவக் கப்பலின் கடைசி ஆபரேஷன் நாள். நான் இந்தத் தீவின் நர்ஸ் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஊசி போடும் முன் ஒரு போட்டோ, போட்ட பின் ஒரு போட்டோ. அம்மா விடியலிலிருந்து வரிசையில் நின்றாள். இரண்டு கண்ணிலும் புரை. அவள் முறை வந்தபோது கண் டாக்டர் ப்ரெண்டன் கையுறையைக் கழற்றினான்.

"முடிஞ்சுது. அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லு."

சொன்னேன். பெற்றவளிடம் நானே சொன்னேன். 'இவள் என் அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? இவன்கிட்டயா? கெஞ்சவா? போடா!

ஜூலை 17, ஞாயிறு

கப்பல்காரர்களுக்கு இன்று லீவு. நாளை கிளம்புகிறார்கள். கரையெல்லாம் வெந்த இறால் மாதிரி சிவந்த முதுகுகள். ப்ரெண்டன் எங்கள் ஊர்க் கூடத்துக்கே வந்துவிட்டான். பெரியவர்கள் முகத்துக்கு நேரே காலை நீட்டி உட்கார்ந்து, இளநீரைச் சட்டையில் பாதி ஊற்றிக்கொண்டான். எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான் — அம்மா உட்கார்ந்திருந்த தாழம்பாயைக் காட்டி "புபுசி!" என்றான். கூடமே சிரித்தது. அம்மா எழுந்து, தடவித் தடவிச் சுருட்டி, கொடுத்துவிட்டாள். கண் மங்குவதற்கு முன் அவள் முடைந்த கடைசிப் பாய். அதைத் தோளில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறான்!

நேரே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"புபுசி."

"என்ன வேணும்? தொப்பியா?"

"உங்க லீவு. எங்க அம்மாவுக்கு ஒரு கண்ணு."

சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் தபோக்காய்தான் வாய் திறந்தார்: "அவனுக்குச் சொல்லும்மா. அவன் கேட்டான், குடுத்தோம். இப்ப நீ கேட்டுட்டே."

மொழிபெயர்த்தேன். இத்தனை ஆசையாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அவன் காலை மடக்கினான். "உங்க அம்மாவா? வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே!"

எனக்குப் புத்தி சொல்ல இவன் யார்? அவன் சொன்னது சரி, அதுதான் எரிச்சல்.

மத்தியானம் எங்களைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனான். கடலில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு நர்சுகள் ஈரத் தலையோடு, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஜூலை 18, திங்கள்

கட்டு அவிழ்த்தார்கள். கப்பல் போயிற்று, பாயும் போயிற்று. அம்மா ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டாடி என்கிட்ட பேசினே?"

ஜூலை 20, புதன்

அம்மாவுக்குப் புதுப் பாய் முடையத் தாழை ஓலை வேண்டுமாம். நல்ல ஓலை அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது. போய் "புபுசி" என்றேன். பிளந்த வாய் மூடாமல் கட்டிக் கொடுத்தான்.

அதை ஏற்றிக்கொண்டுவரச் சைக்கிளையும் கேட்டேன்.