பெயர்களை மாற்றியாயிற்று

பத்தமடை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்.

அன்புத் தம்பி அஃப்சலுக்கு லாத்தா இஷ்ரத்தின் ஸலாம்.

ஷார்ஜாவில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. உன் மனைவி தஸ்மியா நலம். எனக்குப் போனில் தமிழ் தட்ட வராது என்பது உனக்குத் தெரியும். வாய்ஸ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கிப் படி.

முதலில் வாழ்த்து. பத்திரிகையில் கதை வருவது லேசான காரியமில்லை. லீவில் வந்திருந்தபோது பாளையங்கோட்டையில் இரண்டு நாள் கதைப் பட்டறைக்குப் போனாயே, திரும்பி வந்த அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் எதை வெளியே சொல்ல வெட்கமோ அதை எழுதுங்கள், அதில்தான் உயிர் இருக்கும் என்று பட்டறை நடத்தியவர் சொன்னதாகச் சொன்னாய். அப்போது நான் உனக்கு மீன் பொரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். தம்பிக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதையில் என் பெயரை நூர்ஜஹான் ஆக்கினாய். ஊரைக் கீழக்கரை ஆக்கினாய். வாப்பாவை மளிகைக் கடைக்காரர் ஆக்கினாய். பாயை மட்டும் மாற்ற மறந்துவிட்டாய். கல்யாணப் பாயில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்வது இந்த ஊரில் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பாய், மாப்பிள்ளையின் பெயர் மட்டும் கத்தரியால் வெட்டப்பட்டு, பெண்ணோடு சேர்ந்து ஆட்டோவில் திரும்பி வந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். தெருவே நின்று பார்த்தது. ஏன் வந்தேன் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை சரியில்லை என்று வாப்பா மவுத்தாகும் வரை சொல்லிக் காப்பாற்றினார். எனக்குக் கை கால் வெட்டி இழுப்பு வரும் என்பதை நீ ஊருக்கு அச்சடித்துக் கொடுத்துவிட்டாய். அதையும் ஜமாஅத் வாட்ஸாப் குழுவில் நீயே போட்டாய், கீழே இரண்டு ரோஜாப்பூவும் வைத்து.

ஏரல் சிராஜுதீனைப் பற்றி உன்னிடம் அதிகம் பேசியதில்லை. பெண்சாதி இறந்துபோனவர், செருப்புக்கடை வைத்திருக்கிறார், அடுத்த மாதம் எங்கள் நிக்காஹ் என்ற அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். இழுப்பு விஷயத்தை நானே அவரிடம் சொல்லியிருந்தேன். மாத்திரை போட்டா நிக்கப்போவுது, இதுக்குப் போயி இப்படிப் பயப்படுதியே என்று சிரித்தார். அவருடைய உம்மாவுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம், முடிந்த பிறகு தானே பைய சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அஃப்சல். முப்பத்தாறு வயதில் இதை எழுத எனக்கு வெட்கமில்லை. உன் கதை இரண்டே நாளில் ஏரலுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பொண்ணு நல்ல பொண்ணுதான், எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிராஜுதீன் இப்போது என் போனை எடுப்பதில்லை.

கதையை நான்கு தடவை படித்தேன். என் வாயில் வந்த நுரையை முல்லைப்பூ உதிர்ந்தது போல என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது, நான் பார்த்ததே இல்லை. பார்த்தவன் நீ. சின்ன வயதிலிருந்து என் தலையை மடியில் வைத்து, கையில் சாவியைத் திணித்துக்கொண்டு நீ அழுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். பூவா நுரையா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

கடைசியில் நூர்ஜஹானை ஆற்றில் விழுந்து சாக வைத்தாய். முதலில் அவள் பிழைத்துக்கொள்வதாகத்தான் எழுதினாயாம், செத்தால்தான் கதை நிற்கும் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னதால் மாற்றினாயாம். தஸ்மியாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். மூன்றாம் வீட்டுக் கனி மாமி என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, ஏளா, நீ ஆத்துல விழுந்து செத்துட்டியாமே, இங்கன நிக்க என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இனி நல்ல செய்தி. போன வாரம் அதே பட்டறையைப் பெண்களுக்கென்று தனியாக நடத்தினார்கள். நானும் போனேன். அதே ஆள், அதே பேச்சு. வெட்கப்படுவதை எழுதச் சொன்னார். எழுதினேன். கைதட்டினார்கள். உன்னுடைய பத்திரிகைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறார். வேறெங்கும் வெளிவராத கதையாக இருக்க வேண்டுமாம். இது நம் வீட்டுக்குள்கூட வெளிவராதது.

போன வருஷம், பிள்ளை இல்லை என்று நீங்கள் இருவரும் எடுத்த டெஸ்டின் ரிசல்ட்டை டவுணில் வாங்க நீயும் நானும் மட்டும் போனோம். குறை உன்னிடம்தான் என்று டாக்டர் சொன்னதைப் பஸ்ஸில் என்னிடம் சொல்லி அழுதாய். தஸ்மியாவுக்குத் தெரியக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நீ வீட்டுக்கு வந்து, குறை அவளிடம்தான், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அவளிடமே சொன்னாய். ரதவீதியில் வாங்கிய சின்னப் பிள்ளைத் தொப்பி ஒன்றை, பச்சை நூலில் பூப் போட்டது, அவள் கையில் வைத்தாய். அன்றிலிருந்து அந்தப் பெண் தினம் இரண்டு வேளை கசாயம் குடிக்கிறாள். உனக்கு மேலப்பாளையத்தில் இன்னொரு பெண் பார்க்கட்டுமா என்று உம்மா அவள் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சோறு பரிமாறுகிறாள்.

கதையில் உன் பெயர் ஹமீது. ஊர் கடையநல்லூர். வேலை குவைத்தில். எல்லாம் மாற்றிவிட்டேன். உன்னைப் போலவே ஒன்றே ஒன்றை மாற்றவில்லை. தொப்பியை அப்படியே விட்டுவிட்டேன்.

பத்திரிகைக்குத் தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும். அதனால் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தஸ்மியாதான் தன் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் இருக்கிறாள். இப்போதுதான், மைனி, கதையில வார மாமியா நம்ம மாமி மாதிரியே பேசுதாவ என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. இரண்டாம் பக்கத்தில் இருக்கிறாள். தொப்பி மூன்றாம் பக்கத்தில் வருகிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இன்னும் நன்றாக எழுத வைக்கட்டும். போனை அணைத்து வைக்காதே, தம்பி. அவள் கூப்பிட்டால் எடு. சிராஜுதீன் மாதிரி இருந்துவிடாதே.

இப்படிக்கு,
ஆற்றில் விழாத உன் லாத்தா,
இஷ்ரத்