குத்திப் பார்க்காத நாற்பது மூட்டைகள்

பாவா,

இன்று காலை கிடங்குக்காரர் சங்கத்து அலமாரியைத் திறந்தபோது உன் கிடங்கு வாசலில் தொங்கிய தகரப் பலகை கையில் பட்டது. எழுத்து தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. அப்படி வைத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். பக்கத்திலேயே குத்தூசி கிடந்தது. அதன் குழிவில் எப்போதோ சிக்கிய இரண்டு நெல்மணிகள். முகர்ந்து பார்த்தேன், வாசனை ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஈர நெல் புழுங்கிய அந்த நெடி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

மச்சான் முறை வைத்து 'பாவா' என்று முதலில் கூப்பிட்டது நீதான். நீ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், நான் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவன். சம்பந்தம் செய்துகொள்ள வழியே இல்லாததால்தான் உனக்கு அந்த உறவு பிடித்திருந்தது. "பொண்ணு குடுக்க வேணாம், சீர் செய்ய வேணாம், சண்டையே வராது பாவா" என்பாய்.

ஸ்டேஷன் ரோட்டில் இருந்த மற்ற ஐந்து கிடங்குக்காரர்களையும் வீடு வீடாகப் போய்ப் பேசி, சங்கத்தில் சேர்த்தது நாம் இருவரும்தான். யுத்த காலம். நெல்லை எங்கே வைப்பது, யாரை நம்புவது என்று குடியானவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். "நம்மள ஒவ்வொருத்தனா நம்ப மாட்டான். ஏழு பேரையும் சேத்துன்னா நம்புவான்" என்று சொன்னாய். ஏழு வாசலிலும் சங்கத்தின் பலகை ஏறியது. பள்ளிப்பட்டிலிருந்து வண்டி கட்டி வருகிறவன் பலகையைப் பார்த்த பிறகுதான் மாட்டை அவிழ்ப்பான்.

ஒருவன் கூரை ஒழுகினால் மற்றவன் இடம் கொடுக்க வேண்டும் என்பது நாம் போட்ட விதி. உள்ளே விடும்முன் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி, நெல்லைக் கையில் எடுத்து, ஈரமில்லை என்று இரண்டு உறுப்பினர்கள் பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். இரண்டையும் நோட்டில் எழுதியவன் செயலாளராகிய நான்.

அந்த ஐப்பசியில் ஒழுகியது என் கூரை. நாற்பது மூட்டை நனைந்தது. காய வைக்க ஒரு வாரமாக வெயிலே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈர நெல்லைப் புதுச் சாக்குகளில் மாற்றிக் கட்டினேன். மேலே தொட்டால் காய்ந்தாற்போலத்தான் இருந்தது. செயலாளர் கிடங்கே ஒழுகி நெல் வீணாயிற்று என்று ஊர் பேசுமே என்ற பயம்தான் எனக்கு. வண்டிகள் உன் வாசலுக்கு வந்தபோது குத்தூசியை நானே எடுத்து நீட்டினேன், நாடகத்துக்கு.

"காய வெச்சுதானே கட்டின?" என்று கேட்டாய்.

"ஆங்."

"அப்ப அந்த ஊசிய உள்ள வை. உன் மூட்டைய நான் குத்திப் பாக்கறதா?"

பதினைந்து நாளில் என் நெல் சூடேறி முளைவிட்டது. ஒட்டி அடுக்கியிருந்த பள்ளிப்பட்டுக்காரர்களின் விதைநெல்லும் சேர்ந்து கெட்டது. அடுத்த பட்டத்துக்கு விதைக்க வைத்திருந்த நெல். அவர்கள் சங்கத்துக்கு வந்து நின்றார்கள். கூட்டம் போட்டோம். தலைவர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"செயலாளரே, உங்க நெல்லு காஞ்சுதான் போச்சா?"

"காஞ்சுதாங்க போச்சு. அவரு கொடோன் தரையில ஓதம் இருக்குது" என்றேன்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். தலைவர் உன் பக்கம் திரும்பினார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறந்தாய். "செயலாளர் சொன்னதுதாங்க."

மறுநாள் பலகையை நீயே கழற்றிக் கொண்டுவந்தாய். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். பலகை இல்லாத வாசலில் எவன் வண்டியை நிறுத்துவான்? கிடங்கை விற்றுவிட்டு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கப் போனாய். அங்கே என்னைப் பார்த்தால், "வா பாவா, டீ குடி" என்பாய். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மாதம் ஜுரத்தில் போயும் விட்டாய்.

இன்று உனக்காகச் சங்கத்தில் இரங்கல் கூட்டம். உன் பலகையை மேஜைமேல் வைத்து, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். புதுச் சாக்கு மாற்றியதைக்கூடச் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவர் பேர் கெடக்கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. செயலாளரின் பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டுவிட்டார்கள். உன்னைக் கெடுத்தவனுக்கு உன் சாவிலும் ஒரு நல்ல பெயர்.

தீர்மானத்தை எழுத வேண்டியவனும் நானே. உன் தரையில் ஓதம் என்று எழுதிய அதே நோட்டு இப்போது என் முன்னால் திறந்து கிடக்கிறது. பாராட்டை எழுதவில்லை. 'நெல் ஈரமாகத்தான் போனது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் இதையும் பெருந்தன்மை என்றுதான் நினைப்பார்கள். இனி இந்த ஊரில் என்னை யாரும் திட்டப் போவதில்லை, பாவா. உண்மை தெரிந்த ஒருவன் நீதான். "செயலாளர் சொன்னதுதாங்க" என்று நீ சொல்லுமுன் என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாயே, நான் வாய் திறப்பேன் என்று. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.