மேடையில் கொடுத்த கொலுசு

திருத்தங்கலில் இருக்கும் பானுவின் தாத்தாவுக்கு, வள்ளித்தாய் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா?

கோவையில் நான் சமைக்கிற விடுதியில் நாடகம் போட்டார்கள். நம் ஊர் வெடிவிபத்துதான் கதை. மகளைப் பறிகொடுத்த அம்மா வேஷம் எனக்கு. சிரிக்காதீர்கள், அஞ்சாவது படித்தவள்தான், ஆனாலும் வசனம் முழுவதும் ஒரே நாளில் மனப்பாடம். கருகிக் கிடக்கும் மகளைக் கொலுசை வைத்து அடையாளம் கண்டு நான் கதற வேண்டுமாம்.

ஒத்திகையில் சொன்னேன்: "பட்டாசுக் கம்பெனிக்குள்ள கொலுசு போட விடமாட்டாக சார். உரசித் தீப்பிடிச்சிரும்னு கேட்டுலயே கழட்ட வச்சிருவாக."

"கொலுசு இல்லேன்னா சீன் நிக்காதும்மா" என்றார் நாடகம் போட்டவர்.

மேடையில் அந்தக் கொலுசைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கைதட்டல் ஓயவே இல்லை. அன்றைக்கு நம் மகள் முத்துக்கனியை எதை வைத்தும் அடையாளம் தெரியாமல் நின்றபோது எனக்கு அழுகையே வரவில்லை.

பானுவும் பட்டாசு சீசன் வேலைக்குப் போகிறேன் என்கிறாளாம், நீங்களும் தலையாட்டினீர்களாம். கம்பெனியில் திருப்பிக் கொடுத்த அவள் அம்மாவின் கொலுசு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை அவள் காலில் மாட்டிவிடுங்கள். அதைக் கழற்றச் சொல்லும் எந்தக் கேட்டுக்குள்ளும் என் பேத்தி போகக் கூடாது.

உலை கொதித்துவிட்டது, நிறுத்துகிறேன்.

வள்ளித்தாய்